முதலில் நக்குவதைக் கவனியுங்கள்

புதிதாகப் பூனை வளர்க்கும் பிள்ளைகள் எங்கள் தெருவில் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். குட்டி வந்த முதல் வாரத்தில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்பார்கள். சில மாதம் போனதும் கேள்வி மாறிவிடும். "பெரியம்மா, வயிற்றில் முடியே இல்லை. காதெல்லாம் பொருக்கு. கழுத்தைச் சொறிந்து ரத்தம் வருது. என்ன தடவலாம்?" என்ன தடவலாம் என்று யோசிக்கும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன. அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். சில நீளமாகத்தான் வரும். பூனைகள் அதிகம் அவதிப்படும் இடங்கள் அவை.

1. முடி தானாக உதிர்கிறதா, பூனையே நக்கிப் பிடுங்குகிறதா என்று முதலில் கண்டுபிடியுங்கள். அரிப்பு வந்தால் நாய் காலைத் தூக்கிச் சொறியும், வீடே பார்க்கும். பூனையோ பெரும்பாலும் நக்கும். நாமும் "எவ்வளவு சுத்தம் பார்" என்று மெச்சிக்கொண்டிருப்போம். நோயில்லாத பூனையே விழித்திருக்கும் நேரத்தில் கால்வாசியை உடம்பை நக்குவதில் கழிக்கிறது. அதன் நாக்கு நிறைய உள்நோக்கி வளைந்த முட்கள். அரிப்பெடுத்த இடத்தை அந்த நாக்கு சில நாளில் மொட்டையாக்கிவிடும். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து நக்கும் பூனைகளும் உண்டு. அதனால் "நக்கி நான் பார்த்ததே இல்லை" என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

மொட்டை விழுந்த இடத்தின் ஓரத்தில் விரல் நுனியை எதிர்த்திசையில் ஓட்டிப் பாருங்கள். குட்டை முடி குச்சிகுச்சியாகக் குத்தினால் அது முறிந்த முடி. நக்கியிருக்கிறது என்று அர்த்தம். டாக்டர் நாலைந்து முடியைப் பிடுங்கி மைக்ரோஸ்கோப்பில் வைப்பார். நுனி உடைந்திருந்தால் நக்கல், கூர்மையாக இருந்தால் தானாக உதிர்ந்தது. இந்த ஒரு பதிலை வைத்துத்தான் மேற்கொண்டு எந்தப் பக்கம் தேடுவது என்று முடிவாகும்.

2. எல்லா மொட்டையும் நோயல்ல. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே முடி இயல்பாகவே அடர்த்தி குறைவு. கறுப்புப் பூனைகளில் அது பளிச்சென்று தெரியும். குட்டி போட்ட பூனைக்குக் காம்பைச் சுற்றி முடி குறையும். கருத்தடை அறுவைக்கு மழித்த இடம் நிரம்ப மாதக்கணக்கில் ஆகும். சயாமீஸ் ஜாதிக்கு மழித்த இடத்தில் முடி கறுப்பாகவே முளைக்கும். தோல் குளிர்ந்தால் நிறம் கூடும் ஜாதி அது, பயப்பட வேண்டாம்.

3. கையில் கிடைத்ததைத் தடவாதீர்கள். பூனையின் தோலில் நீங்கள் தடவுவது கால் மணி நேரத்தில் அதன் வயிற்றுக்குள் இருக்கும். உள்ளே போனதை முறித்து வெளியேற்றும் வேலையில் பூனையின் ஈரல் மற்றப் பிராணிகளின் ஈரலுக்கு ஈடல்ல. நமக்கும் நாய்க்கும் ஒன்றும் செய்யாத பல மருந்துகள் அதற்கு விஷமாவது அதனால்தான்.

சொறிக்கு மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. தோல் வெந்துபோகும், நக்கினால் நுரையீரல் வரை கேடு. டெட்டால் கலந்த தண்ணீரில் குளிப்பாட்டுவதும் கூடாது. நாம் சிரங்குக்குப் பூசும் பென்சைல் பென்சோயேட், நாய் உண்ணிக்குக் கலக்கும் அமிட்ராஸ், கற்பூரம் போட்ட எண்ணெய், டீ ட்ரீ ஆயில், தார் கலந்த ஷாம்பு எதுவும் வேண்டாம். வேப்பெண்ணெய் இயற்கைதானே என்பார்கள். அடர்த்தியாகத் தடவி நக்க விட்டால் எச்சில் ஒழுகும், வாந்தி எடுக்கும். தேங்காயெண்ணெய் விஷமில்லை. ஆனால் அந்தப் பிசுக்குக்காகவே பூனை இன்னும் அதிகமாக நக்கும்.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் கலவைக் களிம்புகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசால் மாதிரி வீரியமான ஸ்டீராய்டு ஒன்று என்று ஒரே ட்யூபில் அடைத்திருப்பார்கள். தடவிய மூன்றாம் நாள் சிவப்பு அடங்கும், உங்களுக்கும் நிம்மதி வரும். அடியில் பூஞ்சை இருந்தால் ஸ்டீராய்டின் தயவில் அது நன்றாகப் பரவியிருக்கும். பிறகு பார்க்கும் டாக்டருக்கும் நோய் அடையாளம் தெரியாமல் குழம்பிப்போகும்.

4. எந்தப் பூனையானாலும் முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி மேல் இருக்கட்டும். "எங்கள் பூனை வாசற்படியே தாண்டாது" என்றாலும் சரி. உங்கள் கால்சட்டையில் வரும், வாசலில் படுக்கும் தெருப்பூனையிடமிருந்து வரும், எலியோடும் வரும். தெள்ளு விரும்புவது வெக்கையும் ஈரக்காற்றும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் இரண்டுக்கும் வருஷம் முழுக்கக் குறைவில்லை.

நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. பூச்சியைத் தேடுவார்கள், கிடைக்காது, "தெள்ளு இல்லை" என்று முடித்துவிடுவார்கள். பூனை நக்கி நக்கியே பூச்சியைத் தின்றுவிடுகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் செய்து 2000-இல் வெளியான ஆய்வு ஒன்றில், தெள்ளு உள்ள ஒரு வீட்டில் சில பூனைகளுக்குக் கழுத்துக் கூம்பு மாட்டி நக்க முடியாமல் வைத்தார்கள். மூன்று வாரத்தில் அவற்றின் மேல் மற்றப் பூனைகளைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தெள்ளு சேர்ந்திருந்தது. ஒவ்வாமை உள்ள பூனைக்கு ஓரிரு கடியே போதும். கடித்தது வயிற்றுக்குள் போன பின்னும் அரிப்பு நாள்கணக்கில் நிற்கும்.

அதனால் பூச்சியை விட்டுவிட்டு அதன் எச்சத்தைத் தேடுங்கள். நெருங்கிய பல்லுள்ள பேன்சீப்பு ஒன்று வாங்கி வையுங்கள். வால் தொடங்கும் இடத்திலிருந்து இடுப்பு வரை, பிறகு கழுத்து, பிறகு தொடையின் உள்பக்கம் என்று தோலை ஒட்டி வாருங்கள். சீப்பில் வந்த முடியையும் தூசியையும் வெள்ளைத் தாளில் தட்டுங்கள். கறுப்பாக, மிளகுத்தூள் அளவில் துகள் விழுந்தால் மேலே இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு ஒரு நிமிஷம் காத்திருங்கள். மண்ணாக இருந்தால் கறுப்பாகவே கிடக்கும். தெள்ளின் எச்சமானால் துகளைச் சுற்றித் துருச்சிவப்பு மெல்லக் கசியும். அது உங்கள் பூனையின் ரத்தம், பூச்சி குடித்துக் கழித்தது. இதை ஒரு முறை கண்ணால் பார்த்தவர்கள் மாதாமாதம் போடும் தெள்ளு மருந்தைத் தவறவிட மாட்டார்கள்.

முதுகில் தடவும்போது தினை அளவில் பொருக்குகள் கையில் தட்டுப்படுவதும், இடுப்பு, வாலடி, அடிவயிறு, பின்தொடை மொட்டையாவதும் தெள்ளு ஒவ்வாமையின் வழக்கமான கோலம். மற்ற அலர்ஜிகளிலும் இதே கோலம் வரலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். பூனையின் தோலுக்குத் தெரிந்த பாஷை நாலைந்துதான். தோற்றத்தைப் பார்த்து நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது.

பூனை மேல் இருப்பது மொத்தத்தில் சிறு பகுதிதான். பெண் பூச்சி நாளுக்கு 40, 50 முட்டை வரை இடும். முட்டை முடியில் ஒட்டாது, பூனை படுத்த இடமெல்லாம் உதிரும். புழு வெளிச்சத்துக்கு ஒளிந்து கட்டிலடி, பாயின் மடிப்பு, தேங்காய்நார் மிதியடி, சோபா இடுக்கு என்று போய்ச் சேரும். கூட்டுப்புழு மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து, ஆளோ பிராணியோ நடக்கும் அதிர்வு பட்டதும் வெளியே வரும். ஆகவே வீட்டிலுள்ள எல்லாப் பூனைக்கும் நாய்க்கும் ஒரே நாளில் மருந்து, மாதம் தவறாமல், குறைந்தது மூன்று மாதம். பூனை படுக்கும் பழைய சேலையையும் போர்வையையும் வாரம் ஒரு முறை கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்கள். மூலை முடுக்கைத் தினம் கூட்டுங்கள். முதல் மாதம் மருந்து போட்டும் பூச்சி தெரிந்தால் மருந்தைக் குறை சொல்லாதீர்கள். போன மாதத்துக் கூடுகள் இப்போதுதான் பொரிகின்றன.

5. நாய்க்கு வாங்கிய மருந்தை அரை அளவாகக்கூடப் பூனைக்கு வைக்காதீர்கள். இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. நாயின் தோலில் சொட்டாக விடும் சில ஸ்பாட்-ஆன் மருந்துகளில் பெர்மெத்ரின் அடர்த்தியாக இருக்கும். பூனைக்கு அது நரம்பு விஷம். எங்கள் குடியிருப்பில் ஒரு பெண், நாய்க்கு வாங்கியதில் மிச்சம் இருந்ததைப் பூனையின் கழுத்தில் விட்டாள். மாலைக்குள் காது துடித்தது, தோல் உதறியது, ராத்திரி வலிப்பு. டிரிப்ஸும் ஊசியுமாக இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து அந்தப் பூனை பிழைத்தது. எல்லாப் பூனையும் பிழைப்பதில்லை. இப்படி நேர்ந்துவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவமும் கொண்டு மருந்து பட்ட இடத்தைக் கழுவி, துடைத்து, அந்த நிமிஷமே டாக்டரிடம் ஓடுங்கள். நாய்க்கு அந்த மருந்து போட்டிருந்தால் பூனை அதன் மேல் படுக்காமல் மூன்று நாள் பிரித்து வையுங்கள்.

6. பூனைக்கென்றே வந்த மருந்தாக இருந்தாலும் போடும் விதம் உண்டு. எடை பார்த்து வாங்குங்கள். மண்டைக்குக் கீழே, கழுத்து தொடங்கும் இடத்தில், நாக்கு எட்டாத புள்ளியில், முடியை இரண்டாக வகிர்ந்து தோல் தெரிந்த பிறகு குழாயை அழுத்துங்கள். முடி மேல் விட்டால் வீண். காயும் வரை மற்றப் பூனை நக்காமல் பிரித்து வையுங்கள். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் வேண்டாம். எட்டு வாரம் ஆகாத குட்டிக்கு டாக்டர் சொல்லாமல் எதுவும் போடக் கூடாது. குட்டியின் ஈறு வெளுத்திருந்தால் தெள்ளு ரத்தத்தையே குடித்துத் தீர்க்கிறது என்று பொருள். அன்றே காட்ட வேண்டும்.

7. தெருவிலிருந்து தூக்கி வந்த குட்டியின் காது ஓரத்தைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில், தடித்து, காய்ந்த மாவு ஒட்டியது மாதிரிப் பொருக்கு இருந்தால் அது சொறி. நோட்டோஎட்ரிஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் தோலுக்குள் குடைந்து வாழ்வதால் வருவது. காது ஓரத்தில் தொடங்கி நெற்றி, இமை, கழுத்து என்று இறங்கும். பூனை சுருண்டு படுக்கும்போது முகம் படும் முன்கால்களுக்கும் வாலடிக்கும் தாவும். தோல் தடித்துச் சுருங்கி, இளங்குட்டியின் முகம் கிழட்டு முகமாகிவிடும். நம் ஊர்த் தெருப்பூனைகளில் இது அடிக்கடி கண்ணில் படும் நோய். பார்க்கவே சகிக்கவில்லை என்று துரத்திவிடுகிறார்கள். எனக்கு மனது ஆறுவதே இல்லை, ஏனென்றால் இவ்வளவு சுலபமாகக் குணமாகும் தோல் நோய் வேறு இல்லை. செலமெக்டின் போன்ற மருந்தை டாக்டர் சொன்ன இடைவெளியில் போட்டால் சில வாரத்தில் பொருக்கு உதிர்ந்து புதுத்தோல் வரும். விட்டுவிட்டால் சாப்பிட முடியாமல் மெலிந்து சாகவும் செய்யும். மருந்து முடியும் வரை மற்றப் பூனைகளிடமிருந்து தள்ளி வையுங்கள், கூடப் பழகியவற்றுக்கும் மருந்து போடுங்கள். உங்கள் கையில் அரிப்புத் தடிப்பு வரலாம். அந்தப் பேன் மனிதத் தோலில் நிலைக்காது, பூனைக்குக் குணமானால் உங்களுக்கும் அடங்கும்.

8. படர்தாமரையைச் சொறியோடு குழப்பாதீர்கள். இது பூஞ்சை. பூனையில் பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற வகை. வட்டமாக முடி போகும், செதில் உதிரும், அரிப்பு அநேகமாகக் குறைவு. குட்டிகளுக்கும் பாரசீகப் பூனைகளுக்கும் அதிகம் வரும். சில பூனை வெளியே ஒரு அடையாளமும் காட்டாமல் வீடு முழுக்கப் பரப்பும். பிள்ளையின் கையிலோ கழுத்திலோ சிவந்த வளையம் கண்டு, அதன் பிறகு பூனையைச் சோதித்தவர்கள் நிறையப் பேர்.

இருட்டறையில் வுட்ஸ் விளக்கு அடித்துப் பார்ப்பார்கள். முடியின் தண்டு ஆப்பிள் பச்சையாக ஒளிர்ந்தால் சந்தேகம் வலுக்கும். ஒளிரவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. முடியை எடுத்துப் பூஞ்சை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். சிகிச்சை உள்ளே கொடுக்கும் மருந்தும் மேலே குளிப்பாட்டும் மருந்துமாக இரண்டும் சேர்ந்தது. முடி முளைத்துவிட்டதே என்று பாதியில் நிறுத்துவதுதான் பெரிய தவறு. சோதனையில் பூஞ்சை இல்லை என்று வரும் வரை தொடர வேண்டும். உதிர்ந்த முடியிலுள்ள வித்துகள் ஒன்றரை வருஷம் வரை உயிரோடு கிடக்கும். பூனையை ஒரே அறையில் வைத்து, அங்கே தினம் முடியை வாரியெடுத்துத் தரையைத் துடைக்க வேண்டும். வீட்டில் கைக்குழந்தையோ, புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவரோ இருந்தால் டாக்டரிடம் அதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

9. கழுத்தும் கன்னமும் மட்டும் ரணமாக இருந்தால் காதுக்குள் எட்டிப் பாருங்கள். காப்பித்தூள் நிறத்தில் அழுக்கு அடைத்திருந்தால் காதுப்பேன். பஞ்சுக்குச்சியை உள்ளே விட்டுக் குடையாதீர்கள். தலையை உதறி உதறிக் காது மடலில் ரத்தம் கட்டி வீங்கும் முன் காட்டிவிடுங்கள்.

10. மூக்குத்தண்டிலும் காது நுனியிலும் மட்டும் சின்னப் புடைப்பும் பொருக்கும் இருந்தால் கொசுக்கடி ஒவ்வாமையாக இருக்கலாம். ஜன்னலுக்கு வலை அடித்தாலே பாதி குணம். தாடையில் கறுப்புப் புள்ளிகள் என்றால் பிளாஸ்டிக் கிண்ணத்தை மாற்றி எவர்சில்வர் வையுங்கள், தினம் கழுவுங்கள். வெள்ளைக் காதுள்ள பூனை மதிய வெயிலில் மாடியில் படுக்க ஆசைப்படும், விடாதீர்கள். காது நுனி சிவந்து, முடி போய், ஆறாத பொருக்கு ஆனால் அது வெயிலால் வரும் தோல் புற்றின் தொடக்கமாக இருக்கலாம். தள்ளிப்போடும் விஷயமல்ல.

11. பால்சோறும் தயிர்சாதமும் மட்டும் தின்று வளரும் பூனையின் முடி மங்கிச் செதிலாக உதிர்வதில் ஆச்சரியமில்லை. மிருகக் கொழுப்பிலிருந்தே கிடைக்கும் சில சத்துகளைப் பூனையின் உடம்பு தானே தயாரிக்காது. மீனோ கோழியோ முட்டையோ வேண்டும், அல்லது பூனைக்கென்றே சமச்சீராகச் செய்த தீனி வேண்டும். பச்சை மீனாகவே கொடுத்து வளர்ப்பதிலும் கோளாறு உண்டு, வேகவைத்துக் கொடுங்கள்.

உணவு ஒவ்வாமை வேறு விஷயம். அதற்கு ரத்தப் பரிசோதனையை நம்ப முடியாது. இதுவரை தின்னாத ஒரு புரதத்தை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பதே வழி. அந்த எட்டு வாரத்தில் பாட்டி ஒளித்துப் போடும் நெத்திலித் தலையும் கணக்கில் சேரும். வீட்டார் அத்தனை பேரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். பழைய உணவை மறுபடி கொடுத்து அரிப்பு திரும்பினால்தான் முடிவு உறுதி.

12. "மனக்கவலையால் நக்குகிறது" என்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். வீடு மாறியது, புதுக்குழந்தை, தீபாவளி வெடி எல்லாம் பூனையைப் பாதிக்கும், உண்மைதான். ஆனால் 2006-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. மனக்காரணம் என்று கருதி அனுப்பப்பட்ட 21 பூனைகளை முறையாகச் சோதித்தார்கள். 16 பூனைகளுக்கு உடம்பில்தான் காரணம் இருந்தது, பெரும்பாலும் ஒவ்வாமை. 3 பூனைகளுக்கு இரண்டும் சேர்ந்திருந்தது. மனக்காரணம் மட்டும் என்று நின்றவை 2. நீங்கள் வேலைக்குப் போவதால்தான் பூனை முடியைப் பிடுங்குகிறது என்று யாராவது சொன்னால், குற்ற உணர்ச்சியில் விழும் முன் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். அடிவயிற்றை மட்டும் விடாமல் நக்கினால் சிறுநீர்ப்பையில் வலி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

13. "ஒரு ஊசி போட்டால் நின்றுவிடும்" என்பது அநேகமாக நீண்ட நாள் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசி. தேவையான நேரமும் உண்டு. அரிப்பில் தூங்காத பூனைக்கு அது கருணை. ஆனால் காரணம் தேடாமல் மறுபடி மறுபடி போட்டால் சர்க்கரை நோய் வர வாய்ப்பு உண்டு. என்ன ஊசி, எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்பது அவமரியாதை இல்லை.

14. டாக்டரிடம் போகும்போது கையில் சில விஷயம் இருக்கட்டும். எந்த இடத்தில், எந்த மாதம் தொடங்கியது, முதலில் அரிப்பா முடி போனதா, வீட்டில் யாருக்காவது தோலில் ஏதாவது உண்டா, இதுவரை என்னென்ன தடவினீர்கள். கடைசிக் கேள்விக்கு வெட்கப்படாமல் உண்மை சொல்லுங்கள். போவதற்கு முன் குளிப்பாட்டாதீர்கள், தடயம் போய்விடும். வாரம் ஒரு முறை பகல் வெளிச்சத்தில், அதே இடத்தை, அதே தூரத்திலிருந்து போட்டோ எடுத்து வைத்தால் டாக்டருக்குப் பெரிய உதவி. தோலைச் சுரண்டிப் பார்த்தல், டேப் ஒட்டிப் பார்த்தல், முடிப் பரிசோதனை மூன்றும் அதிகச் செலவில்லாதவை. அவற்றைச் செய்யாமல் மருந்து எழுதினால் "சுரண்டிப் பார்க்கலாமா டாக்டர்?" என்று பணிவாகக் கேளுங்கள். பக்கத்தில் வசதி இல்லையென்றால் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலும் கல்லூரிகள் உண்டு. காத்திருக்க வேண்டியிருக்கும், கூடையை மெல்லிய துணியால் மூடிக் கொண்டுபோனால் பூனை பதறாது.

15. கழுத்துக் கூம்பு நக்குவதை நிறுத்தும், அரிப்பை நிறுத்தாது. ரணம் ஆறும் வரை மட்டும் போதும். சாப்பிடும்போது கழற்றிவிட்டுப் பக்கத்திலேயே உட்காருங்கள். காரணம் நீங்கிய பிறகு முதலில் பஞ்சு மாதிரி மெல்லிய முடி வரும், பழைய அடர்த்திக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும். தெள்ளு மருந்து, உணவுச் சோதனை என்று ஒவ்வொன்றாக, ஒன்றின் பலன் தெரிந்த பிறகு அடுத்தது என்று போங்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது குணமாக்கியது என்று யாருக்கும் தெரியாது. வயதான பூனைக்கு, எல்லாம் செய்தும், முளைக்கவே இல்லையென்றால் தைராய்டும் ரத்தமும் பார்க்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதிக்கவும் சம்மதியுங்கள்.